பல்கலைக்கழகத்தில் தரவுக் காட்சிப்படுத்தல் நிகழ்வு நடத்துவது எப்படி: கேள்வி முதல் ஆய்வுக் கட்டுரை வரை

பல்கலைக்கழகத் துறைகளில் நடக்கும் தரவுக் காட்சிப்படுத்தல் (எண்களைப் படமாக வரைந்து காட்டும்) பட்டறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஓடுகின்றன. காலையில் ஒரு மென்பொருளைத் திறந்து காட்டுவார்கள், மதியம் மாணவர்கள் அதே பொத்தான்களை அழுத்துவார்கள், மாலையில் சான்றிதழ். மறுவாரம் கேட்டால் யார் கையிலும் சொந்தமாக வரைந்த ஒரு படம் இருக்காது. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வர வேண்டிய மென்பொருளை முதலில் வைத்துவிடுகிறோம், சிக்கல் அங்கேதான்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் உள்ள துறைகளில் இப்படி ஒரு நிகழ்வை நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒரு நாள் நிகழ்வு, முப்பது நாற்பது மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டாகச் செட்டிநாட்டு ஊருணிகளை எடுத்திருக்கிறேன். உங்கள் பொருள் வேறாக இருக்கலாம், படிகளின் வரிசை மாறாது.

1. ஆறு வாரம் முன்பு: கேள்வியை எழுதி ஒட்டுங்கள்

"செட்டிநாட்டின் நீர்வளம்" என்பது தலைப்பு. தலைப்பை வைத்துக்கொண்டு படம் வரைய முடியாது, அலங்காரம்தான் செய்ய முடியும். "கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் பேரூராட்சிகளில் எந்தெந்த ஊருணிகளில் மே மாதத்திலும் தண்ணீர் நிற்கிறது?" என்பது கேள்வி. இதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லலாம். அந்தப் பதிலைக் கேட்க ஆள் இருக்கிறது: பேரூராட்சி அலுவலகம், அந்த ஊர் மக்கள், கரையில் மாடு கழுவுபவர்.

கேள்வியை எழுதியதும் அதன் கீழே இரண்டு வரி சேருங்கள். இந்தப் படத்தை யார் பார்ப்பார்? பார்த்துவிட்டு என்ன முடிவு எடுப்பார்? இந்த இரண்டுக்கும் பதில் வரவில்லை என்றால் கேள்வியை மாற்றுங்கள். பிற்பாடு எந்தப் படவகை, எத்தனை நிறம், எந்த அளவு எழுத்து என்று வரும் சண்டைகள் எல்லாம் இந்த இரண்டு வரியைக் காட்டினால் அடங்கிவிடும்.

ஒரு நிகழ்வுக்கு மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்த தரவைக் கொண்டுவரட்டும் என்று விட்டால், நாள் முழுவதும் தரவைத் திறக்க முடியாத குழுக்களின் பின்னால் ஓடவே நேரம் சரியாக இருக்கும்.

2. அதே வாரம்: ஆய்வும் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். நிகழ்வு முடிந்து படங்கள் அழகாக வந்த பிறகு, "இதை வைத்து ஒரு பேப்பர் போடலாமே" என்று தோன்றும். அப்போது கையில் எதுவும் இருக்காது. படத்தைப் பார்த்தவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்களா என்று அளந்திருக்க மாட்டோம், அவர்களிடம் ஒப்புதலும் வாங்கியிருக்க மாட்டோம்.

மனிதர்களிடம் கேள்வி கேட்டு விடைகளை ஆய்வில் சேர்ப்பதாக இருந்தால், நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்னதாகவே வேண்டும். பின்தேதியிட்டு வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. குழு கூடுவதற்கே வாரங்கள் ஆகலாம் என்பதால்தான் இதை ஆறு வாரம் முன்பே வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: என்ன கேட்கப் போகிறீர்கள், பெயர் இல்லாமல் எப்படிச் சேமிப்பீர்கள், பங்கேற்க மறுக்கும் மாணவருக்கு மதிப்பெண்ணிலோ சான்றிதழிலோ எந்தக் குறையும் வராது என்ற உறுதி. மூன்றாவது மிக முக்கியம். ஆசிரியர் கேட்கும்போது மாணவர் மறுப்பது எளிதல்ல, அதனால் ஒப்புதல் படிவத்தைப் பாடம் நடத்தாத ஒருவர் கொடுத்து வாங்குவது நல்லது.

ஆய்வு வேண்டாம், பயிற்சி மட்டும் போதும் என்றால் அதுவும் சரிதான். அப்படியானால் இந்தப் படியும் பத்தாவது படியும் உங்களுக்குத் தேவையில்லை.

3. ஐந்து வாரம் முன்பு: தேதியும் அறையும்

செமஸ்டர் தேர்வு வரும் ஏப்ரல், நவம்பரைத் தவிருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கள வேலை வைக்காதீர்கள். மாசி–பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் கோவில் திருவிழா நடக்கும்போது பேருந்தில் இடமும் வெளியூர் விருந்தினருக்குத் தங்குமிடமும் கிடைப்பது சிரமம். ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம் வசதியான காலம்.

அறையில் முதலில் பார்க்க வேண்டியது மின்செருகிகள். நாற்பது மடிக்கணினிக்கு நாலு செருகி இருக்கும் அறையில் நிகழ்வு மதியத்தோடு முடிந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களை முந்தின நாளே போட்டுப் பாருங்கள். அப்புறம் சுவர். படங்களை ஒட்ட நீளமான வெற்றுச் சுவர் அவசியம், ஒன்பதாவது படி அதை நம்பித்தான் இருக்கிறது.

குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் வேண்டியதுதான். அவற்றை முற்பகலில் வைத்தால் கையால் செய்யும் வேலைக்கு நேரம் இருக்காது. சிறப்பு விருந்தினரை மாலை நிறைவு நிகழ்ச்சிக்கு அழையுங்கள். மாணவர் வரைந்த படங்களைப் பார்த்து அவரே கேள்வி கேட்கட்டும், மாணவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை. அழகப்பா பல்கலைக்கழகமும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் ஒரே ஊரில் இருப்பதால், அளவீட்டுத் தரவோடு தினமும் புழங்கும் விஞ்ஞானிகளைக் கேள்வி கேட்க அழைக்க இந்த ஊரில் வாய்ப்பு அதிகம்.

4. நான்கு வாரம் முன்பு: எல்லையை வரையறுங்கள்

செட்டிநாடு என்பது மாவட்டம், வட்டம் போல அரசு எல்லை வகுத்த நிர்வாகப் பகுதி அல்ல. வழிவழியாக 96 ஊர்கள் என்பார்கள், இப்போது எண்ணும் பட்டியல்களில் எழுபத்துச் சொச்சமே இருக்கும். அவை சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பரவியிருக்கின்றன. "செட்டிநாட்டின் மக்கள் தொகை" என்று ஒரு மாணவர் எழுதினால், எந்த ஊர்களைக் கூட்டினார் என்று கேளுங்கள். ஊர்ப் பட்டியலை நீங்களே ஒரு கோப்பாக உருவாக்கி, எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்று எழுதி எல்லாக் குழுக்களுக்கும் அதையே கொடுங்கள்.

காலத்திலும் எல்லை மாறுகிறது. புதுக்கோட்டை மாவட்டம் 1974-ல் உருவானது. சிவகங்கை மாவட்டம் ராமநாதபுரத்திலிருந்து 1985-ல் பிரிந்தது. ஆகவே 1981 கணக்கெடுப்பில் காரைக்குடியை ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் தேட வேண்டும். 1981-லிருந்து 2011 வரை ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கோடு இழுத்தால், நடுவில் ஒரு பெரிய சரிவு தெரியும். மாவட்டம் பிரிந்ததால் வந்த சரிவு அது, மக்கள் குறைந்ததால் அல்ல.

காரைக்குடியும் அப்படித்தான். 2011 கணக்கெடுப்பின் 1,06,714 என்பது அன்றைய நகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள். 2024-ல் அக்கம்பக்கத்துப் பகுதிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆகிவிட்டது. இனி வரும் எண்ணை அதன் பக்கத்தில் அப்படியே வைத்து வளர்ச்சி விகிதம் போடக் கூடாது. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால், படத்தில் எங்கெல்லாம் மக்கள் தொகை வருகிறதோ அங்கெல்லாம் "2011" என்று எழுதச் சொல்லுங்கள்.

5. மூன்று வாரம் முன்பு: தரவைச் சுத்தம் செய்யுங்கள்

நிகழ்வின் உண்மையான உழைப்பு இங்கேதான். மாணவர்களே சுத்தம் செய்து கற்கட்டும் என்று சிலர் நினைப்பார்கள். அது தனி நிகழ்வாக வைக்கத் தக்கது. ஒரே நாளில் இரண்டையும் வைத்தால் இரண்டும் நடக்காது. இரண்டு ஆராய்ச்சி மாணவர்களை உட்கார வைத்து, கீழே உள்ள ஒவ்வொன்றையும் சரிபார்த்து முடியுங்கள்.

கமா. நம் ஊர்ப் பட்டியலில் 13,39,101 என்று இருக்கும். பல மென்பொருள்கள் இதை எண்ணாக எடுக்காமல் எழுத்துச் சரமாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் வரிசைப்படுத்தினால் 9,000 என்பது 13,39,101-க்கு மேலே போய் நிற்கும். கமாக்களை நீக்கிய எண்களாகச் சேமியுங்கள். படத்தில் காட்டும்போது மட்டும் லட்சக் கணக்கில் கமா போட்டுக்கொள்ளலாம்.

தேதி. 06-07-2023 என்பது ஜூலை ஆறா, ஜூன் ஏழா என்பதைக் கணினியின் அமைப்பு தீர்மானிக்கும். ஆண்டு–மாதம்–நாள் என்று 2023-07-06 வடிவில் எழுதிவிட்டால் எந்தக் கணினியிலும் குழப்பம் வராது.

பசலி. வருவாய்த் துறையின் அடங்கல் பதிவேட்டில் சாகுபடி விவரம் பசலி ஆண்டில் இருக்கும். பசலி 1430 என்றால் 2020 ஜூலை 1 முதல் 2021 ஜூன் 30 வரை. ஜூலை–டிசம்பருக்கு ஆங்கில ஆண்டிலிருந்து 590 கழிக்க வேண்டும், ஜனவரி–ஜூனுக்கு 591. இதை நாட்காட்டி ஆண்டு மழையோடு அப்படியே இணைத்தால் ஒரு போகத்துக்கு அடுத்த போகத்தின் மழை போய் ஒட்டிக்கொள்ளும். மழையைப் பசலி ஆண்டுக்கு மாற்றிக் கூட்டுங்கள். பருவமழையும் அறுவடையும் ஒரே ஆண்டில் அடங்கிவிடுவதால் நம் வட்டாரத்துக்குப் பசலிதான் பொருத்தமான ஆண்டும்கூட.

மழை. இந்திய வானிலைத் துறை காலை 8.30 வரையிலான 24 மணி நேர மழையை அந்த நாளின் தேதியில் பதிவு செய்கிறது. நேற்று மாலை கொட்டிய மழை இன்றைய தேதியில்தான் இருக்கும். வெள்ளச் செய்தியோடு தேதி ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். கட்டம் கட்டமாகக் கொடுக்கும் மழைத் தரவில் ஒரு கட்டம் 0.25 பாகை, அதாவது ஏறக்குறைய 27 கிலோமீட்டர். காரைக்குடியும் பள்ளத்தூரும் ஒரே கட்டத்துக்குள் விழலாம். அதை வைத்து ஊருக்கு ஊர் மழை வித்தியாசம் காட்டுவது முடியாத காரியம். அதே தரவில் அளவு இல்லாத இடத்தில் −999 என்று இருக்கும். அதை நீக்காமல் சராசரி எடுத்தவர்கள் எதிர்மறை மழையைக் கண்டுபிடிப்பார்கள். அளவு இல்லாததும் மழையே பெய்யாததும் ஒன்றல்ல, வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யமாக நிரப்ப வேண்டாம்.

ஊர்ப் பெயர். ஒரே ஊர் ஆங்கிலக் கோப்புகளில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். தமிழில் ஒற்று மிகுந்தும் மிகாமலும் வரும். பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளை இணைத்தால் பாதி ஊர்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். 2011 கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்க எண் உண்டு. அந்த எண்ணை வைத்து இணையுங்கள். பெயரைப் படத்தில் காட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இருப்பிடம். காரைக்குடி சுமார் 10.07 பாகை வடக்கு அட்சம், 78.78 பாகை கிழக்குத் தீர்க்கம். கூகுள் மேப்பில் நகல் எடுத்தால் அட்சம் முதலில் வரும். மேப் மென்பொருள்கள் படிக்கும் ஜியோஜேசன் (GeoJSON) கோப்பில் தீர்க்கம் முதலில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் நம் ஊருணிகள் எல்லாம் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் பக்கத்தில் கடலில் போய் விழும். மேப்பில் ஒன்றுமே தெரியவில்லை என்று மாணவர் சொன்னால், உலக அளவுக்குச் சுருக்கி வடக்கே பார்க்கச் சொல்லுங்கள். பரப்பளவு கணக்கிடும் முன், இடங்களை மீட்டரில் குறிக்கும் யூ.டி.எம் முறையின் 44 வடக்கு வலயத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பாகையிலேயே விட்டால் பரப்பு சதுரப் பாகையில் வரும், அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

6. செயற்கைக்கோள் படம் பயன்படுத்துவதாக இருந்தால்

ஊருணிக்குச் செயற்கைக்கோள் படம் என்றதும் எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிடும். முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். 60 மீட்டர் சதுர ஊருணி அதில் நாலே புள்ளி. கரையும் தண்ணீரும் கலந்த புள்ளிகள் போக, சுத்தமான நீர்ப் புள்ளி ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். 1984 முதலான உலக நீர்ப்பரப்புத் தொகுப்புகள் லேண்ட்சாட்டில் கட்டப்பட்டவை. அவற்றில் ஓர் ஊருணி தெரியவில்லை என்பதை வைத்து ஊருணியே இல்லை என்று எழுதக் கூடாது. 2015-லிருந்து கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில், நீரைக் கண்டறிய உதவும் பச்சை, அண்மை அகச்சிவப்பு ஒளிப்பட்டைகளில் ஒரு புள்ளி 10 மீட்டர். அதே ஊருணி 36 புள்ளி ஆகிவிடும், வேலை செய்யலாம்.

எந்த மாதப் படம் என்பதும் முக்கியம். அக்டோபர்–டிசம்பரில் மேகம் மறைக்கும். ஜனவரியில் நீர்நிலைகள் ஓரளவு நிரம்பியிருக்கும், வானமும் தெளிந்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரிக்கு ஜனவரி, மே மாதத்துக்கு மே மாதம் என்று ஒப்பிடுங்கள். ஒரு ஆண்டு ஜனவரியையும் மறு ஆண்டு மே மாதத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு "நீர் வற்றிவிட்டது" என்று தலைப்புப் போட்ட போஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். வரைந்தவருக்குப் பொய் சொல்லும் எண்ணம் துளியும் இல்லை, தேதியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகாயத்தாமரை மூடிய நீர் செயற்கைக்கோளுக்குச் செடியாகத் தெரியும். சீமைக்கருவேலம் மண்டிய கண்மாயும் அப்படியே. ஆகவே பட்டியலில் உள்ளவற்றில் சிலவற்றையாவது நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். போகும்போது ஊருணி, கண்மாய், ஏந்தல், கோவில் தெப்பக்குளம் என்று வகை குறித்துக்கொண்டு வாருங்கள். குடிநீருக்கான ஊருணியும் பாசனக் கண்மாயும் ஊர்க்காரருக்கு வேறு வேறு. மேப்பில் எல்லாமே ஒரே நீலமாக இருந்தால் அவர் அந்தப் படத்தை நம்ப மாட்டார்.

7. ஒரு வாரம் முன்பு: தமிழ் எழுத்துச் சோதனை

தமிழில் படம் வேண்டும் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பைத்தான் நிரல்மொழியில் படம் வரையப் பலரும் பயன்படுத்தும் மேட்பிளாட்லிப்பின் பல பதிப்புகள் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோப்பதில்லை. "செட்டிநாடு" என்று கொடுத்தால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். நல்ல எழுத்துருவை நிறுவினாலும் இது தீராது. எழுத்துரு மாற்றியே அரை நாள் போக்கும் மாணவர்கள் நிறைய.

"தேவகோட்டை, கொத்தமங்கலம், கோவிலூர், பௌர்ணமி" என்ற நான்கு சொற்களை ஒவ்வொரு மென்பொருளிலும் படத்தில் எழுத்தாகப் போட்டுப் பாருங்கள். கொம்பும் காலும் இரட்டைக் கொம்பும் எல்லாம் இதில் வந்துவிடும். தப்பாக வந்தால் வழிகள் உண்டு. மேட்பிளாட்லிப்பில் எழுத்தை உருவமாக மாற்றாமல் எழுத்தாகவே வைத்து எஸ்.வி.ஜி என்ற படக் கோப்பாகச் சேமித்து, இணைய உலாவியிலோ இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளிலோ திறந்தால் சரியாக வரும். ஆர் நிரல்மொழியில் ராக் (ragg) என்ற வரைகருவி தமிழைச் சரியாகக் கோக்கும். டேட்டாராப்பர், ராகிராஃப்ஸ் போல உலாவியில் ஓடும் கருவிகளில் பெரும்பாலும் சிக்கலே வராது. முதன்முதலில் வரைபவர்களுக்கு நான் உலாவிக் கருவிகளையே சொல்வேன். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை எல்லாக் கணினியிலும் ஏற்றிவிடுங்கள்.

அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் சி.எஸ்.வி கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் எல்லாம் புரியாத குறிகளாக மாறும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். டேட்டா பட்டியில் கோப்பைச் சேர்க்கும் வழியாகப் போய், யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தால் சரியாகிவிடும். புரியாத நிலையிலேயே சேமித்துவிட்டால்தான் ஆபத்து, எழுத்துகள் நிரந்தரமாகப் போய்விடலாம். பழைய அலுவலகக் கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும், அவற்றை மாற்றிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

8. நிகழ்வு நாள், முற்பகல்: காகிதமும் பென்சிலும்

முதல் அரை மணி நேரத்தில் ஒரே ஒரு பயிற்சி. புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-ல் வெளியிட்ட நான்கு சிறு தரவுத் தொகுப்புகளைக் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரி ஒன்றுதான், இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவும் சுமார் 0.816. வரைந்து பார்த்தால் ஒன்று சிதறிய நேர்கோடு, ஒன்று வளைவு, மற்ற இரண்டும் ஒற்றைப் புள்ளியால் கெட்டவை. வரைந்து பார்ப்பது எதற்கு என்று நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது.

அடுத்து, மடிக்கணினியை மூடி வைக்கச் சொல்லி, கேள்விக்கான படத்தைக் காகிதத்தில் மூன்று விதமாக வரையச் சொல்லுங்கள். கணினி ஒரு படத்தைக் காட்டிவிட்டால் மாணவர் அதோடு நின்றுவிடுவார், அந்தப் படம் மென்பொருள் தானாகத் தேர்ந்ததாக இருக்கும். காகிதத்தில் மூன்றாவது படத்துக்கு வரும்போதுதான் யோசனை தொடங்குகிறது. முதல் இரண்டும் எல்லாக் குழுவிலும் பட்டையும் வட்டமுமாகத்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள்.

இப்போது படவகை பற்றிப் பேசலாம். கிளீவ்லாந்து, மெக்கில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1984-ல் செய்த சோதனைகளின்படி, ஒரே அச்சில் புள்ளி நிற்கும் இடத்தை மனிதர்கள் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள். நீளம் அடுத்தது. கோணமும் பரப்பும் அதற்கும் கீழே. வட்ட வரைபடத்தை ஏன் தவிர்க்கிறோம் என்பதற்குக் காரணம் இதுதான். 2011 கணக்கெடுப்பில் சிவகங்கை மாவட்ட மக்கள் தொகை 13,39,101, புதுக்கோட்டை 16,18,345. இரண்டையும் இரண்டு குமிழாகப் போட்டால் ஒரே அளவாகவே கண்ணுக்குத் தெரியும். பட்டையாகப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்று பார்த்ததும் தெரியும்.

அதே பட்டையின் அச்சை 12 லட்சத்தில் தொடங்கிப் பாருங்கள். சிவகங்கைக்கு 1.39 லட்சம், புதுக்கோட்டைக்கு 4.18 லட்சம் அளவு உயரம். புதுக்கோட்டை மூன்று மடங்காகத் தெரியும், உண்மையில் 1.2 மடங்குதான். பட்டைக்கு அச்சு பூஜ்யத்தில் தொடங்கியே ஆக வேண்டும், ஏனென்றால் அங்கே நீளமே அளவு. புள்ளிப் படத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2011-ல் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் சிவகங்கையில் 1003, புதுக்கோட்டையில் 1015. இதைப் பூஜ்யத்திலிருந்து பட்டையாகப் போட்டால் வித்தியாசமே தெரியாது. 990 முதல் 1020 வரை அச்சு வைத்து, 1000-ல் ஒரு கோடு இழுத்து, புள்ளியாக வையுங்கள். இந்த இரண்டு படங்களையும் ஒவ்வொரு குழுவும் கையால் வரைந்துவிட்டால், அச்சு பற்றித் தனி வகுப்பு தேவைப்படாது.

9. பிற்பகல்: கணினி, அப்புறம் சுவர்

சாப்பாட்டுக்குப் பிறகு உரை வைக்காதீர்கள். மடிக்கணினியைத் திறக்க ஏற்ற நேரம் அதுதான். காகிதத்தில் தேர்ந்த ஒரே படத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். அச்சில் 1.3 எம் (மில்லியன்) என்று மென்பொருள் தானாக எழுதும், அதை "13 லட்சம்" என்று மாற்றச் சொல்லுங்கள். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்க வேண்டாம், நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பானவை. வண்ணக்குறிப்பை ஓரத்தில் போடுவதைவிட, கோட்டின் நுனியிலேயே ஊர்ப் பெயரை எழுதுவது மேல்.

தலைப்பில் படத்தின் பதில் இருக்கட்டும். "ஊருணிகளின் நீர் இருப்பு" என்பதற்குப் பதிலாக, எத்தனை ஊருணிகளில் மே மாதத்தில் நீர் இருந்தது என்பதையே தலைப்பாக எழுதச் சொல்லுங்கள். தரவு எங்கிருந்து, எந்த ஆண்டு என்பது கீழே ஒரு வரி.

மூன்றரை மணிக்கு எல்லாவற்றையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். வெளிக்கடையில் பெரிய போஸ்டராக அடிப்பதாக இருந்தால், எழுத்துகளை வடிவமாக மாற்றிய பி.டி.எஃப் கொடுங்கள். இல்லாவிட்டால் கடைக் கணினியில் திறக்கும்போது தமிழ் உடைந்துவிடும், அச்சான பிறகுதான் கண்ணில் படும்.

பிறகு வரைந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று விதி வையுங்கள். வேறு குழு வந்து படத்தைப் பார்த்து, என்ன புரிந்தது என்று உரக்கச் சொல்லும். வரைந்தவர் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வார். "நீலம் அடர்ந்தால் தண்ணீர் அதிகமா, குறைவா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அந்த இடத்தில் திருத்தம் வேண்டும். துறை அலுவலகப் பணியாளர்களையும் காவலாளி அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர்களில் யாராவது அந்த ஊர்க்காரராக இருந்தால், பட்டியலில் விட்டுப்போன ஊருணியை அவர்தான் சொல்வார். பரிசு கொடுப்பதாக இருந்தால் அழகுக்குக் கொடுக்க வேண்டாம், பார்த்தவர்கள் சரியாகச் சொன்ன விடைகளை எண்ணிக் கொடுங்கள்.

10. ஆய்வாக்கும் முறை

ஆய்வுக் கேள்வியும் சிறியதாக இருக்கட்டும். உதாரணமாக: எண்களை லட்சத்தில் எழுதினால் தமிழ் வாசகர் வேகமாகவும் சரியாகவும் படிக்கிறாரா, மில்லியனில் எழுதினாலா? கோட்டின் நுனியில் பெயர் இருப்பது நல்லதா, ஓரத்தில் வண்ணக்குறிப்பு இருப்பதா? தமிழ் வாசகர்களை வைத்து இப்படி அளந்து பார்க்க நம் வட்டாரத் துறைகளைவிட வசதியான இடம் கிடையாது.

ஒரே தரவு, ஒரே அளவு, ஒரே நிறம். மாறுவது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று விஷயங்களை ஒன்றாக மாற்றிவிட்டால், விடை எதனால் கூடியது என்று சொல்ல முடியாது. ஒரு குழுவுக்கு 20 பேர் மட்டும் இருந்தால் மிகப் பெரிய வித்தியாசம்தான் கண்ணில் படும். ஆகவே ஒவ்வொருவருக்கும் இரண்டு விதப் படங்களையும், வெவ்வேறு தரவில், காட்டுங்கள். பாதிப் பேருக்கு முதல் விதம் முதலில், மீதிப் பேருக்கு இரண்டாவது முதலில். எல்லாருக்கும் ஒரே வரிசையில் காட்டினால், பழகியதால் வந்த வேகத்தைப் படத்தின் சிறப்பு என்று எண்ணிவிடுவோம்.

விடை சரியா, எத்தனை விநாடி என்ற இரண்டையும் பதியுங்கள். "எது பிடித்தது?" என்பதைக் கடைசியில் கேளுங்கள், அதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடித்த படத்தையே தவறாகப் படிப்பவர்கள் உண்டு. படத்தை வரைந்த மாணவர்களைப் பங்கேற்பாளர்களாக எடுக்காதீர்கள், அவர்களுக்கு விடை தெரியும்.

அன்றைய காகித ஓவியங்கள், மாற்றிய முடிவுகள், சுவரில் வந்த கேள்விகள் அனைத்தையும் தேதியோடு புகைப்படம் எடுத்து வையுங்கள். ஓர் ஊரை ஏன் பட்டியலிலிருந்து நீக்கினோம் என்பது இரண்டு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. கட்டுரையைப் பரிசீலிப்பவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

11. எங்கே வைப்பது, எங்கே அனுப்புவது

சுத்தம் செய்த தரவையும் நிரல்களையும் செனோடோ போன்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றினால் நிலையான அடையாள எண் கிடைக்கும். துறைக் கணினியில் மட்டும் வைத்தால், ஆராய்ச்சி மாணவர் முடித்துப் போகும்போது அதுவும் போய்விடும். அரசுத் தரவு கலந்திருந்தால் மறுவெளியீட்டு உரிமத்தைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். பங்கேற்பாளர் விடைகளில் பெயர், பதிவு எண், கைபேசி எண் இருந்தால் நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

காட்சிப்படுத்தல் துறையின் பெரிய மாநாடான ஐட்ரிபிள்இ விஸ் (IEEE VIS)-க்கு முழுக் கட்டுரைகள் வழக்கமாக மார்ச் கடைசியில் போக வேண்டும். முதல் முயற்சிக்கு போஸ்டர் பிரிவு பொருத்தமானது, அதன் கடைசித் தேதியும் பிந்தி வரும். பிப்ரவரியில் நிகழ்வு நடத்தினால் போஸ்டருக்கு எழுத நேரம் இருக்கும். முழுக் கட்டுரையை அவசரமாக முடிக்காமல் அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சடித்த படத்தில் ஒரு பிரதியை அந்தந்தப் பேரூராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். அங்கே திருத்தம் சொன்னால் எழுதி வாங்கி, களஞ்சியத்தில் உள்ள கோப்பையும் திருத்தி, பதிப்பு எண்ணை ஒன்று கூட்டிவிடுங்கள்.